மூர்த்தி ஓடிய பதினேழு வருடம்

மாசாயில் அந்தத் தாமான் குடியிருப்பில் மூர்த்தியின் பெயர் தெரியாதவர்கள் இருக்கலாம், ஆளைத் தெரியாதவர்கள் இல்லை. வானம் வெளுக்கும் முன்பே திடலைச் சுற்றி ஓடும் உயரமான மனிதர் என்றால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் விளங்கிவிடும். மழை பெய்தால் ஒழிய ஒரு நாளும் தவறியதில்லை. நாற்பது நிமிடம் ஓடுவார், வீட்டுக்குப் போய்க் குளிப்பார், துறைமுகத்துக் கிடங்கு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திடலின் மேற்கு மூலையில் குப்புற விழுந்தார். ஐம்பத்தொன்பது வயது.

அவருடைய தம்பி விஜயன் அப்போது பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருந்தான். அவனுக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டும் வேலை. காலை ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணி தேன்மொழி.

"தம்பி, அண்ணன் திடல்ல விழுந்துட்டாரு. ஆம்புலன்ஸ் வந்துருச்சு. நீங்க நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடுங்க."

அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. அந்த நிதானமே விஜயனைப் பயமுறுத்தியது. அவன் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பு என்றார்கள்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் ஒரே பேச்சைத்தான் வேறு வேறு விதமாகப் பேசினார்கள். உடம்பை அப்படிப் பார்த்துக்கொண்ட மனிதருக்கே இப்படியா? சிகரெட் இல்லை, பீர் இல்லை, ராத்திரியில் சோறுகூட இல்லை. அவரே போய்விட்டாரென்றால் நாமெல்லாம் எந்த மூலைக்கு? விஜயன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவனுக்குள் துக்கம் ஒரு பக்கம் இருக்க, கோபம் ஒன்று வளர்ந்தது. யார்மேல் கோபம் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. கடைசியில் அது ஓட்டத்தின்மேல் போய் நின்றது.

அண்ணன் அவனை விடாமல் நச்சரித்தவர். "டேய், நாள் பூரா உட்கார்ந்து ஓட்டுற. ஒரு அரை மணி நேரம் நட. வருசத்துக்கு ஒரு தடவையாவது ரத்தம் எடுத்துப் பாரு." ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே பேச்சு. விஜயன் முறுக்கைக் கடித்துக்கொண்டே சிரிப்பான். ஓடுகிறவனுக்கும் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் எமன் ஒரே ஏட்டில்தான் பெயர் எழுதியிருக்கிறான் என்பது அவன் கட்சி.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், ஷிப்ட் விடுவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் அவன் போனில் ஒரு கணக்குப் போட்டான். அண்ணன் ஓட ஆரம்பித்தது நாற்பத்திரண்டு வயதில். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். வருடத்துக்கு இருநூற்று நாற்பத்து மூன்று மணி. பதினேழு வருடத்துக்கு நான்காயிரத்துச் சொச்சம் மணி. நாளாக மாற்றினால் நூற்று எழுபத்திரண்டு நாள். ஆறு மாதத்துக்குப் பத்து நாள்தான் குறைவு. ராத்திரி பகல் இல்லாமல் ஆறு மாதம் ஒரு மனிதன் புல்தரையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான், அந்தப் புல்தரையிலேயே விழுந்து செத்திருக்கிறான்.

அந்தக் கணக்கை அவன் தேநீர் குடிக்கும் மாமாக் கடையில் சொன்னான். சக ஓட்டுநர்களிடம் சொன்னான். கோயிலில் வரிசையில் நின்றவர்களிடமும் சொன்னான். "ஓடுற நேரத்தைக் கூட்டிப் பாருங்க லா. ஆயுசு கொஞ்சம் கூடினாலும் அது ஓடுறதுக்கே சரியாப் போயிடும். எங்க அண்ணனுக்கு அதுகூடக் கூடல." செத்தவருடைய சொந்தத் தம்பியே சொல்லும்போது யார் மறுத்துப் பேசுவது? கேட்டவர்களுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. சாயங்காலத்தில் திடலைச் சுற்றி நடந்துகொண்டிருந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றுபோனார்கள். "மூர்த்தி அண்ணனே போயிட்டாரு" என்பது தாமானில் எல்லாருடைய வாயிலும் வரும் பதிலாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாள் காலையில், விஜயன் கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தபோது, கூடத்தில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவி கோமளா எதிரே இருந்தாள். மேசைமேல் ஆறிப்போன மைலோ இரண்டு கப்.

"பசியாறிட்டீங்களா, அண்ணி?"

"ஆச்சு. உட்காருங்க, தம்பி. உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்."

அவள் கைப்பையிலிருந்து கிளினிக்கில் கொடுக்கிற நீலநிறப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். மூலையெல்லாம் மடங்கிப் பழசாகியிருந்தது. அட்டையில் அண்ணனுடைய பெயர்.

"நீங்க கடையில பேசுறதெல்லாம் என் காதுக்கு வருது. ஓடித்தான் செத்தாருன்னு சொல்றீங்களாமே."

விஜயன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் கோவிச்சுக்க வரல. உங்க அப்பா எத்தனை வயசுல தவறினாரு?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. அப்பா ஐயாசாமி லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஒரு நாள் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்கு வந்தவர், வரிசையில் நின்றபடியே சாய்ந்தார். அப்போது விஜயனுக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. உழைத்து உழைத்துத் தேய்ந்துபோனார் என்று தோட்டமே பேசியது.

"நாப்பத்திரண்டு" என்றான்.

"அண்ணனுக்கும் அதே நாப்பத்திரண்டுல கம்பெனியில ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. கொலஸ்ட்ரால் எங்கேயோ இருந்துச்சு. டாக்டரு, இது சாப்பாட்டுனால மட்டும் வர்றது இல்ல, உங்க ரத்தத்துலயே இருக்கு, அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல. மறுநாள் காலையில மாத்திரையைப் போட்டுக்கிட்டு ஓடப் போனவருதான். அம்மாகிட்டச் சொல்லிடாதேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு. உங்ககிட்ட மட்டும் சாடையா எத்தனையோ தடவை சொல்லிட்டாரு, ரத்தம் எடுத்துப் பாரு, எடுத்துப் பாருன்னு."

விஜயன் புத்தகத்தைப் புரட்டினான். வரிசையாகத் தேதிகள், முத்திரைகள், எண்கள். பதினேழு வருடமாக அண்ணன் ஒழுங்காகப் போய் வந்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மட்டும் இரண்டு தேதிகளுக்கு எதிரே முத்திரை இல்லை.

"இது என்ன, அண்ணி?"

தேன்மொழி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். கோமளா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெஷின்ல ஓட விட்டு நெஞ்சைப் பார்க்குற டெஸ்ட். போன வருசம் ஒரு தேதி கொடுத்தாங்க. நான் நல்லாத்தானே ஓடுறேன், டெஸ்டுல வேற ஓடணுமான்னு சிரிச்சிட்டு அண்ணன் போகல. ரெண்டாவது தடவை போறேன்னுதான் சொன்னாரு." அவள் குரல் முதல் தடவையாக இறங்கியது. "அன்னைக்குக் கோயில்ல அன்னதானம். காய் வெட்ட, அண்டா தூக்க ஆள் இல்ல. நான்தான் சொன்னேன், டெஸ்ட் எங்க போகப் போகுது, அடுத்த மாசம் போய்க்கலாம்னு. அடுத்த மாசம் வரல, தம்பி. ஓடினதுனால சாகல. நான் நாளைத் தள்ளச் சொன்னேன். அதான் நடந்தது. இனிமே அவரு ஓட்டத்தைக் குத்தம் சொல்லாதீங்க."

பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகத் தான் பெருமையாகச் சொல்லிவந்த கணக்கு ஒவ்வொரு தடவையும் இந்தப் பெண்ணின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று விஜயனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க தப்பு இல்ல, அண்ணி" என்றான். சொல்லும்போதே அது போதாது என்று அவனுக்குத் தெரிந்தது.

"யாரு தப்புன்னு பேச வரல. நீங்க ரத்தம் எடுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

அடுத்த வாரம் கோமளா அவனை அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த நாள் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் ஷாந்தினி முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தாள்.

"அப்பா, அண்ணன் ரெண்டு பேருக்கும் நெஞ்சு. உங்களுக்கும் அதே கொலஸ்ட்ரால்தான், அங்கிள். சர்க்கரையும் எட்டிப் பார்க்குது. மாத்திரை இன்னைக்கே ஆரம்பிக்கணும். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், நெஞ்சைப் பார்த்துடலாம். அப்புறம் நடக்கணும்."

விஜயன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "டாக்டர், ஒண்ணு கேக்குறேன். மறைக்காம சொல்லுங்க. எங்க அண்ணனுக்கு ஓடினதால ஆயுசு கூடுச்சா, கூடலையா?"

"தெரியாது" என்றாள்.

அவன் திகைத்துப்போனான். கூடியது என்றுதான் டாக்டர்கள் சொல்வார்கள் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்லத் தன் கணக்கைத் தயாராக வைத்திருந்தான்.

"ஆயிரம் பேரு நடக்குறாங்க, ஆயிரம் பேரு உட்கார்ந்தே இருக்காங்கன்னு வச்சுக்குங்க. இருபது வருசம் கழிச்சுப் பார்த்தா நடந்தவங்கதான் அதிகமா உயிரோட இருப்பாங்க. அது நல்லாத் தெரியும். ஆனா அதுல ஒருத்தரைக் காட்டி, இவருக்கு இத்தனை வருசம் கூடுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க அண்ணனைக் கேட்டீங்கன்னா, மாத்திரைக்குத்தான் பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன். ஓட்டத்துக்கும் பங்கு உண்டு. கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருந்திருக்கும்."

விஜயன் விடவில்லை. ஆறு மாதக் கணக்கைச் சொன்னான். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனா நடக்குறவங்களுக்குக் கூடுறது ஆறு மாசத்தை விட அதிகம்னுதான் ஆராய்ச்சியில வருது. சரி, அதை விடுங்க. செலவழிச்ச நேரமும் கிடைச்ச நேரமும் சரிக்குச் சரின்னே வச்சுக்குவோம். உங்க வீட்டுல யாராவது வயசாகிப் படுக்கையில கிடந்திருக்காங்களா?"

அவன் அம்மா அங்கம்மாள் கடைசி நான்கு வருடம் கட்டிலில்தான் கிடந்தாள். புண் வந்துவிடாமல் மூன்று மணிக்கொரு தடவை புரட்டிப் போட்டது கோமளா. அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் சுவரில் ஒட்டியிருந்த பல் துலக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயுசு நீளுமான்னு மட்டும் கேக்காதீங்க" என்றாள் டாக்டர். "கடைசி வருசங்கள்ல நீங்களே எழுந்து குளிக்கப் போவீங்களா, இல்ல ஆன்ட்டி தூக்கிட்டுப் போகணுமான்னும் கேளுங்க. இன்னொண்ணு. ஓடாதீங்க. டெஸ்ட் முடியற வரைக்கும் மெதுவா நடந்தாப் போதும். உங்க அண்ணன் ஓடினது தப்பு இல்ல. நல்லா ஓட முடியுது, அதனால நெஞ்சும் நல்லாத்தான் இருக்குன்னு நம்பினாரு பாருங்க, அதுதான் தப்பாப் போச்சு."

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் ஒரு குழாய் பாதி சுருங்கியிருந்தது. அறுவை வேண்டாம், மாத்திரை போதும், நடக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எப்போது நடப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. விடிவதற்கு முன்பே பஸ்ஸை எடுக்க வேண்டும், கடைசி ஷிப்டை இறக்கிவிட்டு வரும்போது இருட்டிவிடும். இடையில் தொழிற்சாலை வளாகத்தில் காத்திருக்கிற நேரம்தான் உண்டு. மற்ற ஓட்டுநர்கள் அப்போது இருக்கையைச் சாய்த்துத் தூங்குவார்கள். விஜயனும் முப்பது வருடமாகத் தூங்கியவன்தான்.

முதல் நாள் பஸ்கள் நிற்கும் இடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். பக்கத்து பஸ்ஸிலிருந்து பாக் டின் தலையை நீட்டினார். பாக் டின் மலாய்க்காரர், அவனோடு இருபது வருடமாக ஓட்டுகிறவர். "விஜய், பஸ் ரோசாக்கா?" என்று கேட்டார். பஸ் கெட்டுப்போய் ஆள் உதவி தேடி அலைகிறான் என்று நினைத்துவிட்டார். நடக்கிறேன் என்று விஜயன் சொன்னதும், "அலாமாக்!" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படுத்துவிட்டார்.

வெட்கமாக இருந்தது. அதைவிட அலுப்பாக இருந்தது. ஒரே தார் ரோடு, ஒரே வேலி, ஒரே குப்பைத்தொட்டி. அண்ணன் பதினேழு வருடம் இதை எப்படிச் செய்தார் என்று யோசித்தான். நாற்பத்திரண்டு வயதில், அப்பா செத்த அதே வயதில், அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டியபோது அண்ணன் மனதில் என்ன ஓடியிருக்கும்? பயமாகத்தான் இருந்திருக்கும். அதைப் பைத்தியம் என்று நினைத்துத்தான் அவன் சிரித்திருந்தான். அன்றைக்குக் குப்பைத்தொட்டி பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மேலே நடந்தான்.

நடந்ததால் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. தொப்பை அப்படியேதான் இருந்தது. மூன்றாவது மாதம் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பாதியாகக் குறைந்திருந்தது, அது மாத்திரையால் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டாள். ஆனால் பஸ் படியில் ஏறும்போது கம்பியைப் பிடிக்காமல் ஏறுகிறோம் என்பதை அவன் ஒரு நாள் தற்செயலாகக் கவனித்தான். சர்க்கரையும் எல்லைக்குள் வந்தது. ராத்திரியில் படுத்தால் தூக்கம் வந்தது. இது எத்தனை வருடத்துக்குச் சமம் என்று அவன் கணக்குப் போடவில்லை.

ஒரு வேலை மட்டும் பாக்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவன் அண்ணி வீட்டுக்குப் போனான்.

"அண்ணி, நான் கடையில பேசினதை நானே மாத்திச் சொல்லணும். அண்ணன் டெஸ்டுக்குப் போகாம விட்டாரு, அதுதான் காரணம்னு சொல்லப்போறேன். உங்க பேரு வராது. அன்னதானம் அது இதெல்லாம் சொல்ல மாட்டேன்."

"எல்லாத்தையும் சொல்லுங்க" என்றாள். "நான் தள்ளிப்போடச் சொன்னேன்னும் சொல்லுங்க. இந்தத் தாமான்ல புருசனுக்கும் தனக்கும் நாளைத் தள்ளிப்போடுறது பூரா பொம்பளைங்கதான். கேட்டுக்கட்டும்."

"வேணாம், அண்ணி. ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க."

"பேசட்டும். அதைவிட என்ன பேசப்போறாங்க, நான் எனக்குள்ள பேசாததையா?"

அவன் சொன்னான். மாமாக் கடையில் முதலில் சொன்னபோது வார்த்தை தடுமாறியது. எதிரே இருந்த ஒருவர், "அப்ப நீ சொன்ன ஆறு மாசக் கணக்கு?" என்று கேட்டார். "அது தப்பு லா. நான் கோவத்துல போட்டது" என்றான். அண்ணியின் பெயரைச் சொல்லும் இடம் வந்ததும் ஒரு மடக்கு தே குடித்துவிட்டுச் சொன்னான். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருவர் தன் மனைவிக்கு மூன்று தடவை தள்ளிப்போன கண் பரிசோதனையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர் போனில் தேதியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சால் எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் மாறவில்லை. ஆனால் நின்றுபோன பெண்களில் நாலு பேர் திரும்ப நடக்க வந்தார்கள். தேன்மொழியும் வந்தாள். முதல் வாரம் அவள் திடலின் மேற்கு மூலைக்கு வரும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்தாள். கோமளா அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் அவள் கையைக் கோத்துக்கொண்டு கூடவே நடந்தாள். விஜயன் விடுமுறை நாட்களில் இரண்டு பேருக்கும் பத்தடி பின்னால் வருவான். அவர்கள் பேச்சில் அவனுக்கு இடம் கிடைக்காது, வேகத்திலும் அவர்கள்தான் முன்னால்.

பாக் டின்னுக்கு ஒரு காலில் வீக்கம் வந்தது. டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். இப்போது இரண்டு பேரும் பஸ்களைச் சுற்றுகிறார்கள். பாக் டின் பாதியில் நின்று ஏதாவது கதை சொல்வார். கதை முடிகிற வரைக்கும் விஜயன் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பான்.

விஜயனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இன்னும் எத்தனை வருடம் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை, அவனும் கேட்பதை விட்டுவிட்டான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் ஷாந்தினியிடம் போகிறான். அந்தத் தேதிகளைக் கோமளா குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். அன்றைக்குக் கல்யாணம் வந்தாலும் சரி, திருவிழா வந்தாலும் சரி, முதலில் கிளினிக், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

போன டிசம்பரில் மழை விடாமல் பத்து நாள் பெய்தது. திடல் குளமாகிவிட்டது. வீட்டில் அடைந்து கிடக்கக் கோமளாவுக்குப் பொறுக்கவில்லை. தேன்மொழியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் தெப்ராவ் பக்கத்துப் பெரிய பேரங்காடிக்குப் போய், கடை திறந்ததும் உள்ளே நுழைந்தார்கள். அரிசி வரிசையில் தொடங்கி, மீன் பக்கம் திரும்பி, பாத்திர வரிசை வழியாக வந்து மறுபடி அரிசிக்கு. நாலாவது சுற்றில் கோமளா ஒரு தள்ளுவண்டியை எடுத்துவிட்டாள். ஆறாவது சுற்றில் அதில் இரண்டு முருங்கைக்காய்க் கட்டும் ஒரு தோசைக்கல்லும் ஏறியிருந்தன.

"நடக்க வந்தோமா, சாமான் வாங்க வந்தோமா?" என்றான் விஜயன்.

"வண்டியைத் தள்ளிக்கிட்டு நடந்தா இன்னும் நல்லதாம்" என்றாள் கோமளா.

"யாரு சொன்னா?"

"அக்காதான்."

தேன்மொழி சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டாள். விஜயன் வண்டியைத் தன் பக்கம் இழுத்துத் தள்ளினான். ஒரு சக்கரம் கோணலாக ஓடியது. அதை நேராகப் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களையும் எட்டிப் பிடிக்க நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டான்.